கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் நெய்டாக் வாரம்: மேற்கு சிட்னிக்கான முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களும் வடகோடியிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் தங்கள் வரலாற்றையும் பண்பாட்டையும் கொண்டாடும் வாரம் நெய்டாக். மேற்கு சிட்னியின் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். பெற்றோர் குழுவிலும் ஆசிரியர் அறையிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். "இந்த வருஷம் நெய்டாக் விழாக் குழுவில் சேருங்களேன்" என்று பள்ளியிலிருந்து கேட்டால் எங்கே தொடங்குவது, யாரிடம் பேசுவது, எதைத் தொடக்கூடாது என்பதற்கான வழிகாட்டி இது. மெல்பர்னிலோ பிரிஸ்பனிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். மண்ணின் மக்கள் பெயரும் அவர்களுடைய அமைப்புகளும் மாறும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பள்ளி நடத்தி, பூர்வகுடி மக்கள் வந்து கலந்துகொள்ளும் விழா அல்ல இது. அவர்களுடைய விழா, பள்ளி இடமும் நேரமும் பணமும் ஆளும் கொடுக்கிறது. இந்த வரிசை தலைகீழாகும் பள்ளிகளில்தான் கீழே சொல்லப்போகும் தவறுகள் அத்தனையும் நடக்கின்றன.

நாட்காட்டி: எந்த நாள் எதற்கு

மே 26 ஸாரி டே, அதாவது மன்னிப்பு நாள். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் பற்றிய 'பிரிங்கிங் தெம் ஹோம்' அறிக்கை 1997-இல் அதே தேதியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இது கொண்டாட்ட நாள் அல்ல. கேக் வெட்டுவதோ நடனமோ வேண்டாம். காலைக் கூட்டத்தில் செபமும் அமைதியும் போதும்.

மே 27 முதல் ஜூன் 3 வரை தேசிய நல்லிணக்க வாரம். தொடக்க நாள் 1967 பொதுவாக்கெடுப்பையும், முடிவு நாள் மண்ணின் மக்களின் மரபுவழி நில உரிமையை ஏற்று 1992-இல் உயர் நீதிமன்றம் வழங்கிய மாபோ தீர்ப்பையும் குறிக்கிறது. மாணவிகள் தயாரிக்கும் சுவரொட்டிகளில் வருடந்தோறும் வரும் பிழை ஒன்று உண்டு: "1967-இல் பூர்வகுடி மக்களுக்கு வாக்குரிமை கிடைத்தது." அப்படி அல்ல. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1962-லேயே சட்டமாகிவிட்டது. 1967-இல் 90.77 சதவீதம் பேர் 'ஆம்' என்று சொன்னதன் பலன் வேறு: பூர்வகுடி மக்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது, மக்கள்தொகைக் கணக்கிலிருந்து அவர்களை விலக்கிய பிரிவு அரசியலமைப்பிலிருந்து நீங்கியது. சுவரொட்டி சுவருக்குப் போகுமுன் இதைச் சரிபாருங்கள்.

நெய்டாக் வாரம் ஜூலை முதல் ஞாயிறில் தொடங்கி இரண்டாம் ஞாயிறு வரை. அதன் வேர் 1938 ஜனவரி 26-இல் சிட்னியில் வில்லியம் கூப்பர், வில்லியம் ஃபெர்குசன், ஜாக் பேட்டன் ஆகியோர் முன்னின்று வெள்ளையர் குடியேற்ற நாளைத் துக்க நாளாக அறிவித்த கூட்டம். ஆஸ்திரேலியக் கத்தோலிக்கத் திருச்சபை அதே ஜூலை முதல் ஞாயிறை பூர்வகுடி மற்றும் டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் ஞாயிறாக வைத்திருக்கிறது. ஆக, கத்தோலிக்கப் பள்ளிக்கு இது வெளியிலிருந்து வந்த விழா அல்ல. திருவழிபாட்டு நாட்காட்டியிலேயே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் நியூ சவுத் வேல்ஸில் அந்த வாரம் பெரும்பாலும் குளிர்கால விடுமுறைக்குள் விழும். எனவே பள்ளிகள் இரண்டாம் பருவத்தின் கடைசிக்கு முந்தைய வாரத்தையோ மூன்றாம் பருவத்தின் இரண்டாம் வாரத்தையோ எடுத்துக்கொள்கின்றன. இரண்டில் மூன்றாம் பருவமே மேல். நெய்டாக் வாரத்தில் மூத்தோர் ஒரே நாளில் பல இடங்களுக்கு ஓடுகிறார்கள். இரண்டு வாரம் தள்ளி வைத்தால் அவசரமில்லாமல் வந்து, உட்கார்ந்து, பிள்ளைகளோடு பேச முடியும்.

தயவுசெய்து பல பண்பாடுகளையும் கொண்டாடும் மார்ச் 21 ஹார்மனி டே விழாவோடு இதைச் சேர்க்க வேண்டாம். "பரதநாட்டியம், சிங்க நடனம், பூர்வகுடி நடனம், எல்லாம் ஒரே மேடையில்" என்ற யோசனை நல்லெண்ணத்தில் வருவதுதான். ஆனால் அந்த வரிசை, குடியேறி வந்த பல சமூகங்களில் ஒன்றாக மண்ணின் மக்களைக் காட்டிவிடுகிறது. நாம் வந்தவர்கள், அவர்கள் இங்கேயே இருந்தவர்கள். நெய்டாக் மேடையில் நம் பிள்ளைகளின் நடனம் இடம்பெற வேண்டுமானால், அது பூர்வகுடிக் குடும்பங்களே கேட்டு அழைத்ததாக இருக்கட்டும்.

முந்தைய ஆண்டு அக்டோபர்: யாரைக் கேட்பது

விழா ஜூலையில் என்றால் வேலை அதற்கு முந்தைய அக்டோபரில் தொடங்க வேண்டும். மே மாதம் தொலைபேசியை எடுத்தால் கிடைக்கும் பதில் "நேரமில்லை" என்பதுதான்.

கேட்கும் வரிசை முக்கியம்.

1. பள்ளியில் படிக்கும் பூர்வகுடி மாணவிகளின் குடும்பங்கள். அம்மா, பாட்டி, அத்தை யாராக இருந்தாலும் முதல் பேச்சு அவர்களோடு. விழா வேண்டுமா, எப்படி வேண்டும், போன ஆண்டு எது நெருடியது என்று கேட்டு, பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள்.
2. மறைமாவட்டக் கல்வி அலுவலகத்தில் பூர்வகுடிக் கல்விக்குப் பொறுப்பானவர். எந்த மூத்தோர் பள்ளிகளுக்கு வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.
3. உள்ளூர் அபரிஜினல் நில மன்றம். மேற்கு சிட்னியின் பெரும்பகுதிக்கு டீரபின் நில மன்றம். இந்த மன்றங்கள் 1983-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின்படி உருவானவை.
4. தாருக் மக்களின் அமைப்புகள். பறமட்டா, பிளாக்டவுன், பென்ரித் வட்டாரம் தாருக் மண்.

மூன்றாவதும் நான்காவதும் எப்போதும் ஒரே குரலில் பேசும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு வட்டாரத்தில் வரவேற்புச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதில் பள்ளி நடுவராக உட்கார வேண்டியதில்லை. ஏற்கெனவே யாரோடு பள்ளிக்கு உறவு இருக்கிறதோ அவர்களைக் கேட்டு, அவர்கள் காட்டும் வழியில் போங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துச் செல்லாதீர்கள்.

'வெல்கம் டு கன்ட்ரி' என்ற வரவேற்பை அந்த மண்ணின் மரபுவழி உரிமையாளர்களோ அவர்கள் ஒப்புதல் தந்தவரோ மட்டுமே சொல்ல முடியும். வேறு பகுதியிலிருந்து வந்த பூர்வகுடி ஆசிரியையிடம் "நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று கேட்பது அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடும். 'அக்னாலெட்ஜ்மென்ட் ஆஃப் கன்ட்ரி' வேறு. அதை யாரும் சொல்லலாம், ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ச் சிறுமியும்கூட. அது அரை நிமிடத்துக்குமேல் நீள வேண்டாம். இடத்தின் பெயர், மக்களின் பெயர், மூத்தோருக்கு வணக்கம், வந்திருக்கும் பூர்வகுடி மக்களுக்கு வணக்கம், அவ்வளவே. தமிழ்ப் பெற்றோர் கூடும் கூட்டத்தில் இப்படிச் சொல்லலாம்:

"நாம் இன்று கூடியிருக்கும் இந்த மண் தாருக் மக்களின் மண். இதை அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இதைக் காத்துவந்த முன்னோரையும் இன்றைய மூத்தோரையும், இங்கே நம்மோடு இருக்கும் பூர்வகுடி மக்கள், டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் அனைவரையும் வணங்குகிறோம்."

படித்து ஒப்பிப்பதைவிட, சொல்பவர் தானே இரண்டு வரி எழுதிச் சேர்த்தால் நன்றாக இருக்கும். 'தாருக்' என்பதன் உச்சரிப்பை மூத்தவரிடமே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

மூத்தோரை 'ஆன்டி', 'அங்கிள்' என்று அழைப்பார்கள். நமக்கு இது சுலபம்போலத் தோன்றும், வழியில் போகிறவரையும் ஆன்டி என்பவர்கள் நாம். இங்கே அது சமூகம் மதித்துக் கொடுக்கும் நிலை. அந்தப் பெயரால் அழைக்கலாமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது மரியாதை. பொன்னாடை, மாலை, காலில் விழுவது ஆகியவற்றையும் கேட்காமல் செய்ய வேண்டாம். தோளில் துணி போர்த்தியதும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் மூத்தவரின் சங்கடம் கூட்டத்துக்கே தெரியும்.

பணம்

வரவேற்பு, பேச்சு, பயிற்சி, நடனம் எல்லாம் அறிவும் உழைப்பும். அதற்குக் கூலி உண்டு. "பள்ளிதானே, இலவசமாக வரட்டும்" என்பது கேட்கவே கூடாத கேள்வி. முதல் உரையாடலிலேயே கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, எழுத்தில் உறுதிசெய்யுங்கள். பயணச் செலவைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பள்ளிக் கணக்கு அலுவலகத்தில் வழக்கமாக ஒரு முட்டுக்கட்டை வரும். வணிக எண் (ABN) இல்லாதவருக்குப் பணம் கொடுக்கும்போது 47 சதவீதம் பிடித்துவைக்க வேண்டும் என்பது வரி அலுவலக விதி. பல மூத்தோருக்கு வணிக எண் இருக்காது. காரணத்தைக் குறிப்பிட்டு அவர்கள் கையொப்பமிடும் 'ஸ்டேட்மென்ட் பை எ சப்ளையர்' படிவம் இருந்தால், விதிவிலக்கு பொருந்தும் இடங்களில் பிடித்தம் தேவையில்லை. அந்தப் படிவத்தை விழாவுக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பி வாங்கிவிடுங்கள். விழா முடிந்து ஆறு வாரம் கழித்து பாதிப் பணம் அனுப்புவதுபோன்ற அவமதிப்பு வேறில்லை.

வரவுசெலவில் மறந்துபோகும் சில்லறைகள்: மூத்தோருக்கு வாசலருகே வாகன நிறுத்தம், கைப்பிடியுள்ள நாற்காலிகள், ஜூலைக் குளிருக்கு ஹீட்டர் அல்லது போர்வை, சூடான தேநீர், கூடவே வரும் பேரப்பிள்ளைக்கும் சாப்பாடு.

பள்ளியிலிருக்கும் பூர்வகுடி மாணவிகள்

இதைப் பொறுமையாகப் படியுங்கள். விழாவின் நல்லது கெட்டது பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் பூர்வகுடி மாணவிகள் பத்துப் பதினைந்து பேராக இருக்கலாம். நெய்டாக் நெருங்கினால் ஒவ்வொரு ஆசிரியரும் அவர்களையே தேடுவார்கள்: கொடி ஏற்ற, கவிதை வாசிக்க, படமெடுத்து இணையத்தில் போட, "உங்கள் கலாச்சாரத்தில் இதற்கு என்ன சொல்வீர்கள்" என்று கேட்க. பதினான்கு வயதுப் பெண் ஒரு வாரம் முழுக்கத் தன் இனத்தின் பிரதிநிதியாக நிற்க வேண்டியிருக்கும். சிலருக்கு அது பெருமை. சிலருடைய குடும்பத்திலிருந்து பிள்ளைகள் பறிக்கப்பட்டதால் மொழியும் கதையும் அறுந்துபோயிருக்கும். தெரியாது என்று வகுப்பின் முன்னால் சொல்வது அவர்களுக்கு வலி.

ஆகவே ஒரே ஒருவர், மாணவிகள் நம்பும் ஆசிரியையோ பூர்வகுடிக் கல்விப் பணியாளரோ, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கட்டும்: முன்னால் நிற்க விருப்பமா, பின்னால் வேலை செய்ய விருப்பமா, சும்மா உட்கார்ந்து பார்க்க விருப்பமா? மூன்றும் சரியான பதில்கள். வகுப்பில் யாரும் அவர்களைப் பார்த்துக் கேள்வி எழுப்பக்கூடாது என்று ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வெளிர் நிறத் தோலுடைய மாணவியிடம் "நீ எத்தனை சதவீதம்?" என்ற கேள்வி வரும், அதைக் கேட்ட இடத்திலேயே ஆசிரியர் நிறுத்தியாக வேண்டும்.

தொலைதூர ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் இருந்தால் அவர்கள் மொழி வேறு, மண் வேறு. ஒருத்தி வடகோடி டிவி (Tiwi) தீவுகளிலிருந்து, இன்னொருத்தி நியூ சவுத் வேல்ஸ் உட்பகுதியின் வால்கெட்டிலிருந்து வந்திருக்கலாம். வெள்ளையர் குடியேறத் தொடங்கிய 1788-இல் இந்த நிலப்பரப்பில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. இருவரையும் ஒரே நடனத்தில் நிறுத்துவது சரியாகாது. அவர்களுடைய குடும்பத்தினர் விழாவுக்கு வர ஆகும் செலவைப் பள்ளி ஏற்குமானால் அது மேடை அலங்காரத்துக்குச் செலவழிப்பதைவிடப் பெரிய காரியம்.

கொடிகள்

பூர்வகுடிக் கொடி: மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவே மஞ்சள் வட்டம். ஹரால்ட் தாமஸ் வடிவமைத்து 1971-இல் அடிலெய்டில் முதன்முதலாக ஏறியது. தலைகீழாக ஏற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. டோரஸ் நீரிணைத் தீவினரின் கொடி 1992-இல் பெர்னார்ட் நமோக் வடிவமைத்தது: மேலும் கீழும் பச்சை, நடுவே நீலம், இடையில் கறுப்புக் கோடுகள், நடுவில் வெள்ளைத் தலையணியும் ஐந்து முனை நட்சத்திரமும். நட்சத்திரம் தலையணிக்குக் கீழே வர வேண்டும். இரண்டும் 1995 ஜூலை 14-இல் அதிகாரபூர்வக் கொடிகளாயின.

சட்டை, பை, குக்கீ எதிலாவது அச்சிட நினைத்தால் வேறுபாடு உண்டு. பூர்வகுடிக் கொடியின் பதிப்புரிமையை 2022 ஜனவரியில் மத்திய அரசு வாங்கியதால் அதை யாரும் பயன்படுத்தலாம். டோரஸ் நீரிணைக் கொடியின் உரிமை அந்தத் தீவுகளின் வட்டார மன்றத்திடம் இருக்கிறது. அனுமதி கேட்டு எழுத வேண்டும். பள்ளியில் டோரஸ் நீரிணைத் தீவுப் பிள்ளை யாரும் இல்லாவிட்டாலும் அந்தக் கொடியை விட்டுவிட வேண்டாம்.

வகுப்பறையில்: மரியா லாக் பாடம்

பொதுவாக "கனவுக் காலக் கதைகள்" (பூர்வகுடி மக்களின் படைப்புக் கதைகள்) என்று எங்கோ எடுத்த கதையை நகலெடுத்துக் கொடுப்பதோடு வகுப்பறை வேலை முடிந்துவிடுகிறது. பள்ளி நிற்கும் மண்ணிலேயே நடந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கும்போது வெளியே தேட வேண்டியதில்லை.

ஆளுநர் மக்குவாரி 1814-இல் பறமட்டாவில் 'நேட்டிவ் இன்ஸ்டிட்யூஷன்' என்ற பள்ளியைத் தொடங்கினார். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்து ஆங்கிலமும் கிறிஸ்தவமும் தையலும் கற்பிக்கும் இடம். அதன் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டவர்களில் ஒருத்தி தாருக் தலைவர் யாரமுண்டியின் மகள் மரியா. 1819-இல் நடந்த தேர்வில், நூறு பேர் அளவுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் எழுதிய அதே தேர்வில், முதல் பரிசைப் பெற்றது ஒரு பூர்வகுடிச் சிறுமி என்று சிட்னி கெசட் எழுதியது; அது மரியாதான் என்று கொள்ளப்படுகிறது. 1824-இல் ராபர்ட் லாக் என்ற கைதித் தச்சரை மணந்தாள். அண்ணன் கோல்பிக்குக் கிடைத்த நிலம் தனக்கு வர வேண்டும் என்று 1831-இல் ஆளுநருக்கு மனு எழுதினாள். 1843-இல் அந்த நிலம் அவள் கைக்கு வந்தது. அவளுடைய வழித்தோன்றல்கள் இன்றும் தாருக் மண்ணில் வாழ்கிறார்கள்.

ஏழாம், எட்டாம் வகுப்புக்கு இதை 50 நிமிடப் பாட வேளைகள் மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வேளையில் காலவரிசையும் வட்டார வரைபடமும். இரண்டாவதில் மனு: சொந்த மண்ணையே ஏன் விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது என்பதைக் குழுக்களாகப் பேசட்டும். மூன்றாவதில், அவள் பெற்ற பரிசையும் அவளைப் பிரித்த சுவரையும் சேர்த்து எழுதட்டும். இந்த மூன்றாவதுதான் கடினம். "கெட்டிக்காரப் பெண், படித்து முன்னேறினாள்" என்று மாணவிகள் முடித்துவிடுவார்கள். அந்தப் பள்ளி பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கும் பழக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று என்பதையும் ஆசிரியர் எடுத்துவைக்க வேண்டும். தாருக் குடும்பங்களில் ஒருவர் இந்தக் கதையைத் தாமே சொல்ல முன்வந்தால் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவரைக் கேளுங்கள்.

பத்தாம் வகுப்புக்கு மேல் பறமட்டா பெண்கள் காப்பகம். 1844-இல் கத்தோலிக்க அனாதைப் பள்ளியாகக் கட்டப்பட்ட வளாகம். 1887 முதல் 1974 வரை அரசின் பெண்கள் தொழிற்பள்ளி. பூர்வகுடிப் பெண்கள் பலர் அங்கே அடைக்கப்பட்டார்கள். கத்தோலிக்கப் பள்ளி தன் திருச்சபையின் பங்கை மூடி மறைத்துவிட்டு நெய்டாக் கொண்டாட முடியாது. திருச்சபைகள் நடத்திய மிஷன்களும் விடுதிகளும் 1997 அறிக்கையில் இருக்கின்றன. இந்தப் பாடத்தன்று மனநல ஆலோசகர் பள்ளியில் இருக்க வேண்டும், பூர்வகுடி மாணவிகளுக்கு முதல் நாளே சொல்லி, வெளியே இருக்கும் வாய்ப்பைத் தர வேண்டும்.

பெருமைக்குரிய பெண்களுக்குப் பஞ்சமில்லை. ரெட்ஃபர்னில் கைதிகளையும் வீடற்றோரையும் தாயாகப் பார்த்துக்கொண்ட விராட்ஜுரி என்ற பூர்வகுடி இனத்துக் கத்தோலிக்கப் பெண் மம் ஷெர்ல், 1971-லும் 1980-லும் விம்பிள்டன் வென்ற இவான் கூலகாங், 2016-இல் மக்களவைக்குத் தேர்வான முதல் பூர்வகுடிப் பெண் லிண்டா பர்னி. இறந்தவர்களின் படமோ குரலோ காட்டுமுன் "இதில் மறைந்தவர்களின் பெயரும் உருவமும் வருகின்றன" என்று முன்னறிவிப்புச் சொல்லுங்கள்.

கைவேலை: செய்யக்கூடாததும் செய்யத்தக்கதும்

டிஜெரிடூவைப் பெண் பிள்ளைகள் கையில் கொடுத்து ஊதச் சொல்லாதீர்கள். வடக்கே ஆர்னெம் லேண்ட் பக்கத்து இசைக்கருவி அது. பல சமூகங்களில் ஆண்களுக்குரியது. பெண்கள் பள்ளியில் இது உடனே எதிர்ப்படும் பிரச்சினை. புள்ளி ஓவியமும் அப்படியே: இன்று நாம் காணும் வடிவம் 1971 வாக்கில் பாலைவனத்து பப்புன்யாவில் தொடங்கிய இயக்கம். தாருக் மண்ணில் உட்கார்ந்து காகிதத் தட்டில் புள்ளி வைப்பதால் பிள்ளைகள் தாருக் மக்களைப் பற்றி எதுவும் கற்பதில்லை. அதோடு, ஒவ்வொரு வடிவமும் யாரோ ஒருவருடைய உரிமை.

பெண்கள் பள்ளிக்கு நன்றாகப் பொருந்துவது பின்னல். பூர்வகுடிப் பெண் பின்னல்காரர் ஒருவர் வந்து கற்றுத்தர வேண்டும். இணையக் காணொளி போதாது. பின்னும்போது அவர் பேசுவதுதான் பாதிப் பாடம். 24 பேருக்கு 90 நிமிடத்துக்கு ஆயத்தம்:

- ராஃபியா நார்: ஒருவருக்கு 30 கிராம், சேதாரம் சேர்த்து மொத்தம் 800 கிராம்
- பெரிய காதுள்ள மழுங்கிய ஊசி: 30 (உடையும், தொலையும்)
- கத்தரிக்கோல்: ஆறு
- நாரை நனைக்க இரண்டு வாளி. ஐந்து நிமிடம் ஊறினால் போதும்

சுருள் பின்னலில் நடுவே பென்சில் தடிமனுக்கு ஒரு நார்க்கற்றை, அதைச் சுற்றித் தைத்துக்கொண்டே வட்டமாகப் போவது. மூன்று இடங்களில் தடுமாறுவார்கள். தொடக்க வளையத்தை இறுக்காவிட்டால் நடுவில் ஓட்டை விழும். தையலை அளவுமீறி இழுத்தால் தட்டையாக வர வேண்டியது கிண்ணமாக மேலே வளையும். கற்றை மெலியும்போது புது நாரை ஒரே இடத்தில் மொத்தமாகச் செருகினால் அங்கே புடைக்கும். இரண்டு இரண்டாக, இடம் விட்டுச் சேர்க்க வேண்டும். 90 நிமிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் வந்தாலே நல்ல வேலை. செய்ததை விற்கலாமா, கண்காட்சியில் வைக்கலாமா என்பதைக் கற்றுத்தந்தவரிடமே கேளுங்கள்.

உணவு

மரங்களிலிருந்து பறித்து வந்து சமைப்பது வேண்டாம். எல்லா வாட்டில் (அகேசியா மர) விதையும் உண்ணத் தக்கதல்ல. வறுத்து அரைத்த வாட்டில் விதை, லெமன் மிர்ட்டில் இலை ஆகியவற்றை பூர்வகுடியினர் நடத்தும் நிறுவனங்களில் வாங்குங்கள். அத்தகைய நிறுவனங்களைத் தொகுக்கும் சப்ளை நேஷன் பட்டியலில் தேடலாம்.

வாட்டில் விதை டாம்பர் (ஈஸ்ட் இல்லாத ரொட்டி), 12 துண்டுக்கு: செல்ஃப் ரைசிங் மாவு 450 கிராம், வெண்ணெய் 80 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, வாட்டில் விதைத் தூள் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் அல்லது பால் சுமார் 185 மில்லி. தூளை இரண்டு மேசைக்கரண்டி கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள், இல்லையென்றால் நறநறக்கும். வெண்ணெயை மாவில் விரல் நுனியால் உதிர்த்து, ஊறியதையும் பாலையும் ஊற்றி, ஒட்டிச் சேரும் அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். சப்பாத்தி மாவுபோல அடித்துப் பிசைந்தால் கல்லாகிவிடும். வட்டமாகத் தட்டி, மேலே கத்தியால் கீறி, 200 டிகிரியில் 30 நிமிடம். அடியில் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்க வேண்டும்.

லெமன் மிர்ட்டில் தேநீருக்கு 10 லிட்டர் கொதிநீரில் 40 கிராம் காய்ந்த இலை, ஐந்து நிமிடம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கசந்துபோகும். கங்காரு இறைச்சி வைப்பதானால் தனி மேசை, தனி இடுக்கி. சைவம் சாப்பிடும் பிள்ளைகளும் ஹலால் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மக்கடேமியாவை ஒவ்வாமை காரணமாக முற்றிலும் தவிர்ப்பதே நல்லது.

திருப்பலி

நற்கருணை மன்றாட்டைத் தொட முடியாது. ஆனால் வருகைப் பவனி, மன்னிப்பு வழிபாடு, விசுவாசிகளின் மன்றாட்டு, காணிக்கைப் பவனி ஆகியவற்றில் இடம் நிறையவே இருக்கிறது. பூர்வகுடிக் கத்தோலிக்கர்களின் தேசிய மன்றம் ஆண்டுதோறும் அந்த ஞாயிறுக்கான மன்றாட்டுகளையும் வழிபாட்டுக் குறிப்புகளையும் வெளியிடுகிறது. புதிதாக எழுதத் தொடங்குமுன் அதைப் பாருங்கள்.

வரவேற்பு திருப்பலிக்கு முன்னால், சிலுவை அடையாளத்துக்கும் முன்னால் வர வேண்டும். மூத்தவர் பேசி முடிக்கும்வரை குருவானவர் வாசலிலேயே காத்திருப்பார். புகை வழிபாடு (இலைகளை எரித்து அந்தப் புகையால் இடத்தையும் வந்தவர்களையும் தூய்மையாக்கும் சடங்கு) இருந்தால் அதுவும் வெளியே, பவனி தொடங்குமுன். நற்செய்தி நூலையோ காணிக்கையையோ கூலமன் என்ற மரப்பாத்திரத்தில் ஏந்தி வருவது பல பள்ளிகளில் வழக்கம். நினைவுப்பொருள் கடையில் வாங்கிய வெளிநாட்டுக் கூலமன் வேண்டாம். யார் செய்தது என்று சொல்ல முடிகிற ஒன்று வேண்டும், அதை ஏந்துவது யார் என்பதைக் குடும்பங்கள் சொல்லட்டும்.

மறையுரைக்கு ஒரு பிடி: 1986 நவம்பர் 29-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பூர்வகுடி மக்களின் பங்களிப்பு சேர்ந்து, அது மகிழ்ச்சியோடு ஏற்கப்படும்வரை ஆஸ்திரேலியத் திருச்சபை முழுமையாகாது என்று பேசினார். நற்கருணைக்குப் பின் அமைதிக்கு டேலி ஆற்றங்கரை நவ்யுவைச் சேர்ந்த மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பாவ்மன் பகிர்ந்த 'தாதிரி', அதாவது ஆழ்ந்து செவிமடுத்து அசையாமல் இருப்பது, மிகவும் பொருந்தும். மூன்று நிமிடம், பின்னணி இசை இல்லாமல். இசை போட்டால் பிள்ளைகள் இசையைத்தான் கேட்பார்கள்.

அன்றைய நாள்

புகை வழிபாட்டை மூத்தவரே நடத்துவார். எந்த இலை என்பதும் அவர் முடிவு. பள்ளி கொடுக்க வேண்டியவை: உலோகத் தொட்டி, அடியில் மணல், இரண்டு வாளி தண்ணீர், நீர்க்குழாய், கட்டடத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளிய இடம். அருகிலுள்ள அரங்கின் புகை உணர்வியை முந்தைய நாளே பராமரிப்பாளரிடம் சொல்லி நிறுத்தச் செய்யுங்கள்; இல்லையென்றால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும், கட்டணமும் வரும். ஆஸ்துமா உள்ள மாணவிகள் காற்று வீசிவரும் பக்கம் நிற்கட்டும். அன்று முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்டிருந்தால் புகை வழிபாடு நடத்தலாமா என்பதைத் தீயணைப்புத் துறையிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

ஒரு வேலைசெய்யும் வரிசை:

- 8.30 மூத்தோர் வருகை. அவர்களை எதிர்கொள்ளப் பெயர் சொல்லி நியமித்த இரு மாணவிகள்
- 9.15 கொடியேற்றம், வரவேற்பு, புகை வழிபாடு
- 9.50 திருப்பலி
- 11.00 தேநீர், டாம்பர்
- 11.40 பின்னல், மொழி, கதை. சுழற்சியாக 30 நிமிட அமர்வுகள் (முழுப் பின்னல் பயிற்சி வேறு நாளில்)
- 1.15 மூத்தோரோடும் குடும்பங்களோடும் மதிய உணவு

நிரலை நெருக்கமாக அடுக்காதீர்கள். ஒரு பாட்டி பத்து நிமிடப் பேச்சை நாற்பது நிமிடம் பேசலாம். மணி அடித்து அவரை நிறுத்தக்கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் இடையே பதினைந்து நிமிடம் விட்டுவையுங்கள். அதேபோல், ஊரில் யாராவது இறந்துவிட்டால் மூத்தோர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போகலாம். துக்கக் கடமை எல்லாவற்றுக்கும் முந்தியது. அப்போது வரவேற்புக்குப் பதில் அக்னாலெட்ஜ்மென்ட் சொல்ல ஒரு மாணவியைத் தயாராக வைத்திருங்கள்; காரணத்தைத் துருவிக் கேட்காதீர்கள்.

படமெடுப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் உள்ள பொது ஒப்புதல் மூத்தோருக்குப் பொருந்தாது. மாணவிகளிடமும் இந்த விழாவுக்கென்று மறுபடி கேளுங்கள். சேர்க்கை விளம்பரத்தில் இந்தப் படங்களைப் போடுவதை அவர்கள் சம்மதித்தார்களா என்பது வேறு கேள்வி.

விழா முடிந்த பிறகு

அந்த வாரத்துக்குள் பணம் போய்ச் சேர்ந்ததா என்று கணக்கு அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பத்து நாளுக்குள் மாணவிகள் கையெழுத்தில் நன்றிக் கடிதம். பூர்வகுடி மாணவிகளோடும் குடும்பங்களோடும் அரைமணி நேரம் உட்கார்ந்து எது பிடித்தது, எது உறுத்தியது என்று கேட்டு, பெயர் இல்லாமல் எழுதி அடுத்த குழுவுக்குக் கொடுங்கள். குழுவில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் மாறுவார்கள்; குறிப்பேடு இல்லாவிட்டால் அடுத்தவர் அதே கேள்விகளை அதே மூத்தவரிடம் மறுபடி கேட்டுச் சலிப்பூட்டுவார்.

பள்ளிக்கு நல்லிணக்கச் செயல்திட்டம் இல்லையென்றால் ரிகன்சிலியேஷன் ஆஸ்திரேலியா அமைப்பின் நரகுனவாலி இணையதளத்தில் தொடங்கலாம். இருந்தால், இந்த ஆண்டு செய்ததை அதில் பதிந்து, நிதியை அடுத்த ஆண்டு வரவுசெலவில் தனித் தலைப்பாக எழுதச் சொல்லுங்கள். "மீதி இருந்தால் பார்ப்போம்" என்ற தலைப்பில் இருந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். பிறகு அக்டோபருக்குக் காத்திராமல், மூத்தவருக்கு நன்றி சொல்ல அழைக்கும் அதே பேச்சில் அடுத்த ஆண்டு ஜூலையில் அவருக்கு எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.